அறுவைக்குப் பின்வரும் இரவுகள்: வலி நிவாரணமும் உறக்க மூச்சுத்தடையும்

அறுவைச் சிகிச்சை என்பது பெருநகரங்களில் வாழும் வசதி படைத்தோருக்கு மட்டுமே எட்டக்கூடியதாக இருந்த நிலை நம் நாட்டில் படிப்படியாக மாறி வருகிறது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கி வைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்புத் திட்டம், தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபரில் இத்திட்டம் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, விரிவாக்கப்பட்டது. முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விலை விதிக்கப்பட்டது. இவற்றின் பயனாக, முன்பு வலியைச் சகித்துக்கொண்டு வீட்டிலேயே முடங்கிக் கிடந்த பலர் இன்று அறுவை மேசைக்கு வருகின்றனர். அவர்களில் வயது முதிர்ந்தோரும் உடல் பருத்தோரும் மிகுதி.

அறுவைச் சிகிச்சையின் வெற்றி அறுவைக் கூடத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒரு சாராருக்கு உண்மையான ஆபத்து அங்கு இல்லை. அறுவை செவ்வனே முடிந்து, நோயாளி பொது வார்டுக்குக் கொண்டுவரப்பட்டு, வலி தெரியாமல் உறங்குவதற்காக மருந்து கொடுக்கப்பட்ட பின்னர் வரும் இரவுகளில்தான் அது காத்திருக்கிறது. இவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய் உள்ளவர்கள். தங்களுக்கு அந்நோய் இருப்பதே இவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதுதான் இப்பிரச்சினையின் மையமாகும்.

நோயின் இயல்பு

மூக்குக்கும் குரல்வளைக்கும் இடையிலுள்ள தொண்டைப் பகுதி எலும்பின் ஆதாரமற்ற மென்மையான குழாய் ஆகும். விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் சேர்ந்த தசைகள் அதனைத் திறந்த நிலையில் வைத்திருக்கின்றன. உறக்கத்தில் இத்தசைகள் தளர்கின்றன. தொண்டை இயல்பாகவே குறுகியிருப்பவர்களுக்கும், கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், தாடை உள்வாங்கியிருப்பவர்களுக்கும் இத்தளர்ச்சியால் காற்றுப்பாதை பாதியாகவோ முழுமையாகவோ அடைபட்டுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும். காற்று உள்ளே செல்லாது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. கரியமில வாயு கூடுகிறது.

இந்நிலை ஓரளவு முற்றியதும் மூளை உறங்குபவரைச் சில விநாடிகள் உலுக்கி எழுப்புகிறது. தசைகள் இறுகுகின்றன, பெரிய குறட்டை ஒலியுடன் மூச்சு மீள்கிறது, மீண்டும் உறக்கம் கவிகிறது. காலையில் நோயாளிக்கு இது எதுவும் நினைவிருக்காது. பகலில் சோர்வும் தூக்கக் கலக்கமுமே எஞ்சும். குறைந்தது 10 விநாடி நீடிக்கும் இத்தகைய தடைகளும், மூச்சு வெகுவாகக் குன்றும் நிகழ்வுகளும் மணிக்கு 5 அல்லது அதற்கு மேல் ஏற்பட்டால் அது நோயெனக் கொள்ளப்படுகிறது. 15-க்கு மேற்பட்டால் நடுத்தரம்; 30-க்கு மேற்பட்டால் கடுமை.

இங்கு மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நோயாளி ஒவ்வோர் இரவும் பல நூறு முறை மூச்சுத் தடைப்பட்டும் காலையில் உயிரோடு எழுகிறார் என்றால், அதற்குக் காரணம் அவரது மூளை தக்க தருணத்தில் அவரை எழுப்பிவிடுவதே. அவருக்குக் காவல் அந்த விழிப்பு ஒன்றுதான். அக்காவலனை உறங்கச் செய்யும் எப்பொருளும் அவருக்கு ஆபத்தானது.

பரவலின் அளவு

இந்தியாவில் செய்யப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து, புதுடில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் 2023-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். வயது வந்தோரில் சுமார் 11 சதவீதம் பேருக்கு, அதாவது ஆண்களில் 13 சதவீதத்தினருக்கும் பெண்களில் 5 சதவீதத்தினருக்கும், இந்நோய் இருப்பதாக அது கூறுகிறது. உழைக்கும் வயதினரில் இவர்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டும், ஏறத்தாழ 4.7 கோடிப் பேருக்கு நோய் நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருக்கிறது.

உடற்பருமன் இந்நோயின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அளவுக்கு மிஞ்சிய எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015-16இல் 20.6 சதவீதமாக இருந்து 2019-21இல் 24 சதவீதமாயினர், ஆண்கள் 18.9 சதவீதத்திலிருந்து 22.9 சதவீதமாயினர். ஆயினும் ஒல்லியானவர்களுக்கு இந்நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது. முக எலும்புகளின் அமைப்பு காரணமாக, ஆசிய மக்களிடையே குறைந்த எடையிலும் இது காணப்படுகிறது.

அறுவை நாளில் நேர்வது

மயக்க மருந்து, தொண்டைத் தசைகளின் இறுக்கத்தையும் விழித்தெழும் ஆற்றலையும் ஒருங்கே ஒடுக்குகிறது. அறுவை நடக்கும்போது மூச்சுக்குழாயினுள் செலுத்தப்பட்ட குழாய் வழியே இயந்திரம் சுவாசிக்க வைப்பதாலும், மயக்கவியல் வல்லுநர் அருகிலேயே இருப்பதாலும் இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. இத்தகையோருக்கு அக்குழாயைச் செலுத்துவதும், முகமூடி வழியே காற்றளிப்பதும் சற்றுக் கடினமாக இருக்கக்கூடும்; முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கான ஆயத்தங்களைச் செய்துகொள்ள இயலும்.

குழாய் அகற்றப்பட்ட பின்னர்தான் சிக்கல் தொடங்குகிறது. தசைகளைத் தளர்த்தக் கொடுக்கப்பட்ட மருந்தின் எச்சம் உடலில் தங்கியிருக்கலாம். குழாய் உராய்ந்ததால் தொண்டை வீங்கியிருக்கலாம். மூக்கில் அறுவை செய்யப்பட்டிருந்தால் பஞ்சு வைத்து அடைத்திருப்பார்கள். வயிற்றிலோ மார்பிலோ கீறல் இருந்தால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி மல்லாந்து படுக்க வைக்கப்படுகிறார். நாக்கு பின்னோக்கிச் சரிந்து காற்றுப்பாதையை அடைப்பதற்கு இதைவிட ஏற்ற நிலை வேறில்லை.

வலி மருந்தின் இரு முகங்கள்

பெரிய அறுவைகளுக்குப் பின் வலியைத் தணிக்க மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற அபினி வகை மருந்துகள் பயன்படுகின்றன. இவற்றின் நிவாரண ஆற்றல் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் வலியுணர்வை மட்டுப்படுத்தும் அதே மருந்து, மூளைத்தண்டில் சுவாசத்தின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுத் தொகுதியையும் மட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் வேகமாக மூச்சுவிடத் தூண்டும் இயல்பான எதிர்வினை மழுங்குகிறது. தொண்டைத் தசைகள் மேலும் தளர்கின்றன. விழித்தெழும் எல்லை உயர்கிறது. அபினி வகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு, தொண்டை அடைபடாமலேயே, மூளை மூச்சிழுக்கக் கட்டளையிட மறப்பதால் வரும் வேறு வகை மூச்சுத்தடையும் தோன்றுவதுண்டு.

தூக்க மாத்திரைகளும் மனப்பதற்றம் தணிக்கும் 'பென்சோடையசெபின்' வகை மருந்துகளும் உடன் சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. இவ்விரு வகை மருந்துகளையும் ஒருசேர அளிப்பது குறித்து, அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மதுவும் இதே வரிசையைச் சேர்ந்ததே.

வலிக்கும் ஒரு பங்கு உண்டு. கடும் வலி உள்ளபோது உடல் விழிப்போடு இருக்கிறது, மூச்சும் தூண்டப்படுகிறது. வலிக்காக மார்ஃபின் கொடுக்கப்பட்டவருக்கு, வேறொரு முறையால் வலி திடீரென நின்றுவிட்டால், அதுவரை வலியால் ஈடுசெய்யப்பட்டு வந்த சுவாச ஒடுக்கம் முழு வலிமையுடன் வெளிப்படும். ஆகவே, பெருவலியில் பொருத்தமாக இருந்த அளவு, வலி தணிந்த பின் மிகையாகிவிடலாம்.

மூன்றாம் இரவு

அறுவை நடந்த முதல் இரவு கழிந்துவிட்டால் ஆபத்தும் கழிந்தது என்று கருதுவோர் உண்டு. முதல் 24 மணி நேரமே மிக அபாயகரமானது என்பது உண்மைதான். அமெரிக்காவில் இழப்பீடு கோரி முடிவுற்ற வழக்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, அபினி வகை மருந்தால் சுவாசம் ஒடுங்கிய 92 நிகழ்வுகளைக் கண்டது. அவற்றுள் 88 சதவீதம் அறுவை முடிந்த 24 மணி நேரத்திற்குள் நேர்ந்தவை. அந்த 92இல் 97 சதவீதம், மேலான கண்காணிப்பும் உரிய தலையீடும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை என்பது நிபுணர்களின் தீர்ப்பு.

எனினும் மூச்சுத்தடை நோய் அத்துடன் ஓய்வதில்லை. அறுவையின் அதிர்ச்சியாலும் மருந்துகளாலும் முதல் இரவில் கனவு நிலை உறக்கம் வெகுவாகக் குறைந்துபோகிறது. அடுத்த இரவுகளில் உடல் அக்கடனை ஈடுகட்டுவதுபோல் அந்நிலை மிகுந்து திரும்புகிறது. தொண்டைத் தசைகள் மிகவும் தளர்வது இந்தக் கனவு நிலையில்தான். கனடாவில் அறுவை நோயாளிகளின் உறக்கத்தை இரவுதோறும் பதிவு செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை மூன்றாம் இரவில் உச்சம் தொட்டது தெரிய வந்தது. மூன்றாம் நாள் என்பது பல மருத்துவமனைகளில் கண்காணிப்பு தளர்ந்து, நோயாளி வீடு திரும்ப ஆயத்தமாகும் நாள் என்பது கவனத்திற்குரியது.

கண்டறியப்படாத நோயின் விலையை மற்றோர் ஆய்வு அளந்து காட்டியது. ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர், நியூசிலாந்து, கனடா ஆகிய இடங்களில், இதய அறுவை அல்லாத பெரிய அறுவைக்கு உட்பட்ட 1,218 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். 2019-இல் இதன் முடிவுகள் வெளியாயின. இவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு அதுவரை அறியப்படாத மூச்சுத்தடை நோய் இருந்தது. அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இதய-இரத்தநாளப் பாதிப்புகள், நோயில்லாதவர்களில் 14.2 சதவீதத்தினருக்கும், கடும் நோய் உள்ளவர்களில் 30.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன.

இவ்வெண்களைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மூச்சுத்தடை நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவையை நலமாகவே கடந்து செல்கின்றனர். நோய் ஐயம் ஒன்றுக்காக மட்டும் அவசியமான அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதே மயக்கவியல் சங்கங்களின் கருத்து. வேண்டுவது முன்னறிவும் விழிப்பும் ஆகும்.

குழந்தைகளின் நிலை

குழந்தைகளுக்கு இந்நோய் வருவதற்கு டான்சில், அடினாய்டு சதைகளின் வீக்கமே பெரும்பாலும் காரணம். அவற்றை அகற்றும் அறுவையே இங்கு மருந்தாகிறது. ஆனால் இரவுதோறும் பிராணவாயுக் குறைவுக்கு ஆளாகி வந்த குழந்தைகளின் மூளை, அபினி வகை மருந்துகளுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக வசப்படுகிறது. வழக்கமான அளவே இவர்களுக்கு மிகையாகலாம்.

கோடீன் என்னும் மருந்தின் வரலாறு இதற்குச் சான்று. உடலுக்குள் சென்ற கோடீனைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றுகிறது. பிறவி அமைப்பால் சிலருக்கு இம்மாற்றம் மிக விரைவாக நிகழ்கிறது. டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் இறந்த செய்தியை அடுத்து, அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. 2013-இல் அத்தகைய அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் தரலாகாது என்றது. 2017-இல், 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனும், டான்சில் அல்லது அடினாய்டு அறுவைக்குப் பின் 18 வயதுக்குட்பட்டோருக்கு டிரமடாலும் விலக்கப்பட்டன. வீட்டில் எஞ்சியிருக்கும் வலி மாத்திரையையோ இருமல் மருந்தையோ குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

பெரியவர்களுக்கும் இந்நோய்க்கென அண்ணம், தாடை ஆகியவற்றில் அறுவைகள் செய்யப்படுகின்றன. உடற்பருமனுக்கான அறுவையும் உதவுகிறது. இவற்றின் பயன் உடனடியாகக் கிட்டுவதில்லை. முதல் சில நாட்களில் வீக்கத்தால் தடை கூடவும் செய்யலாம். எடை குறைந்த பின்னரும் பலருக்கு நோயின் ஒரு பகுதி எஞ்சுகிறது. ஆகவே மருத்துவர் மறுபடி சோதித்துச் சொல்லும் வரை, முன்பு பயன்படுத்திய சிகிச்சையைத் தாமாக நிறுத்தலாகாது.

எட்டு கேள்விகள்

நோயை உறுதி செய்ய இரவு முழுவதும் உறக்கத்தைப் பதிவு செய்யும் சோதனை வேண்டும். அதற்கான ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. கட்டணமும் எளியோருக்கு எட்டாதது. ஆனால் யாரிடம் நோய் இருக்கக்கூடும் என்று ஐயுறுவதற்குச் செலவு ஏதும் இல்லை. கனடாவின் டொரன்டோ நகர மயக்கவியல் வல்லுநர் பிரான்சிஸ் சங் என்பவரும் குழுவினரும் 2008-இல் வகுத்த எட்டு கேள்விகள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன.

அடுத்த அறைக்குக் கேட்குமளவு குறட்டை விடுகிறாரா? பகலில் சோர்வும் தூக்கமும் மிகுதியா? உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாரேனும் கண்டதுண்டா? இரத்த அழுத்த நோய் உண்டா? இவை நான்கும் வாயால் கேட்பவை. உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பவை கண்டும் அளந்தும் அறிபவை. 'ஆம்' என்னும் விடை மூன்று அல்லது நான்கானால் இடைநிலை ஐயம். ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் வலுத்த ஐயம். நம் மக்களின் உடலமைப்புக்கு, எடைக்கான வரம்பைக் குறைத்துக்கொள்வது பொருத்தம்.

எடைபார்க்கும் கருவியும் தையற்காரரின் அளவு நாடாவும் இருந்தால் மாவட்ட மருத்துவமனையிலும் இக்கணிப்பைச் செய்துவிடலாம். மூன்றாம் கேள்விக்கு நோயாளியால் விடை கூற இயலாது. உடன் உறங்குபவரைத்தான் கேட்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் நோயாளியுடன் குடும்பத்தார் வருவது வழக்கமாதலால் இதற்கு இங்கு இடர்ப்பாடில்லை.

வலியைத் தணிக்க வேறு வழிகள்

ஐயத்திற்குரியவர் என்று அறிந்தபின் செய்யத்தக்கவை பல. முழு மயக்கத்துக்கு மாற்றாக, இயலும் இடங்களில், முதுகுத்தண்டில் ஊசியிட்டோ குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தியோ உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். வலிக்குப் பாராசிட்டமால், சிறுநீரகமும் வயிறும் இடங்கொடுத்தால் வீக்கம் தணிக்கும் மருந்துகள், காயத்தின் விளிம்பில் மரப்பு ஊசி ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால் அபினி வகை மருந்தின் தேவை குறைகிறது. அதன் பின்னரும் தேவைப்படுமாயின், மிகக் குறைந்த அளவில், தூக்க மருந்து சேர்க்காமல், கண்காணிப்புடன் கொடுக்கலாம்.

படுக்கையின் தலைப்பக்கத்தைச் சுமார் 30 பாகை உயர்த்துவதும், ஒருக்களித்துப் படுக்கச் செய்வதும் காசு செலவில்லாத சிகிச்சைகள். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய 'சிபேப்' கருவி, முகமூடி வழியே மிதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. இதனை வீட்டில் பயன்படுத்துபவர்கள் அறுவைக்கு வரும்போது தவறாமல் உடன் கொண்டுவர வேண்டும். அறுவைக்குப் பின் பகலில் கண்ணயரும்போதும் அணிய வேண்டும்.

பிராணவாயு தரும் போலி நம்பிக்கை

கண்காணிப்பின் முதல் கருவி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் கண்ட தத்துவம் இதற்கு அடிப்படை. கோவிட் பெருந்தொற்றின்போது இக்கருவி நாடெங்கும் பரவிற்று. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதன் வணிக இலாப விளிம்புக்கு வரம்பு விதித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கப்பட்ட கருவிகளை அறுவை வார்டுகளில் பயன்படுத்திக்கொள்வது அரிதான செயலன்று.

ஆயினும் கருவியின் எல்லையை அறிந்திருக்க வேண்டும். நோயாளிக்குக் குழாய் வழியே பிராணவாயு கொடுக்கப்பட்டிருந்தால், மூச்சு மிகவும் குன்றிய பின்னரும் கருவி நெடுநேரம் நல்ல எண்ணையே காட்டும். இதற்கிடையில் கரியமில வாயு இரத்தத்தில் பெருகி நோயாளியை நினைவிழக்கச் செய்துவிடலாம். கருமை நிறத் தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வு சுட்டியது. ஆகவே கருவியின் எண்ணோடு, நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவதும், அழைத்தால் எளிதில் கண் விழிக்கிறாரா என்று பார்ப்பதும் இன்றியமையாதவை. மூச்சு 10-க்குக் கீழே இறங்கினாலோ, பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டாலோ அடுத்த வேளை மருந்தை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். அபினி வகை மருந்தின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் 16 மருத்துவமனைகளில், பொது வார்டில் அபினி வகை மருந்து பெற்ற 1,335 பேரை இடைவிடாது கருவிகளால் கண்காணித்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. இவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஒரு முறையேனும் சுவாச ஒடுக்கம் நேர்ந்தது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை வந்து பார்க்கும் முறையில் இவற்றில் பல கண்ணுக்குத் தப்பிவிடும்.

இங்குதான் குடும்பத்தாரின் பங்கு மதிப்பு மிக்கதாகிறது. அறுவை முடிந்து உரத்த குறட்டையுடன் உறங்கும் நோயாளியைக் கண்டு, "பாவம், இரண்டு நாள் வலிக்குப் பின் இப்போதுதான் அயர்ந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்" என்று உடனிருப்பவர் பரிவுடன் சொல்வது இயல்பு. அக்குறட்டை நிம்மதியின் அறிகுறியன்று. அடைபடும் மூச்சின் ஒலியாக இருக்கலாம். குறட்டையின் நடுவே அமைதி நிலவி, பின் திணறலுடன் மூச்சு மீண்டால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே கூறிவைப்பது, விலையுயர்ந்த கருவிக்கு ஈடான பாதுகாப்பாகும்.

அச்சமே கொள்கையாகிவிடலாகாது

இவ்வளவையும் கேட்ட பின், வலி மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது மற்றோர் தவறாகும். வலியால் இருமவும் ஆழ்ந்து மூச்சுவிடவும் இயலாதவருக்கு நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் காண்கிறது. நடக்க இயலாதவருக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறைகிறது.

அச்சத்தின் விளைவை இந்தியா ஏற்கெனவே அனுபவித்துள்ளது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமத்தின்பேரில் அபினிச் செடி பயிராகிறது; காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இயங்குகின்றன. எனினும் போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985-இல் வந்த பின், தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்ளவே தயங்கின. 1985-க்கும் 1997-க்கும் இடையே மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் வீழ்ந்தது. அபினி விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலி நிவாரணமின்றித் தவித்தனர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என அறிவிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியே எளிதாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. அரும்பாடுபட்டுப் பெற்ற இவ்வசதியை அறியாமையால் ஏற்படும் விபத்துகள் மீண்டும் குலைத்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

பொருளாதார நோக்கில் பார்த்தால் இங்கு ஒரு முரண்பாடு புலப்படும். காப்புத் திட்டங்களில் ஒவ்வோர் அறுவைக்கும் மருத்துவர், படுக்கை, மருந்து, செவிலியர் பணி அனைத்தும் அடங்கிய ஒரே தொகை நிர்ணயிக்கப்படுகிறது. செலவைக் கட்டுக்குள் வைக்க இம்முறை உதவுவது மெய்யே. ஆனால் நோயாளியை மற்றோர் இரவு கூடுதலாக வைத்துக் கண்காணித்தால் அச்செலவு மருத்துவமனையைச் சாரும். விரைவில் அனுப்பிவிட்டால் மிச்சமும் அதனையே சாரும். தவிர்க்கப்பட்ட ஒரு மரணம் எந்தக் கணக்கேட்டிலும் வரவாகப் பதிவாவதில்லை. ஆகவே, உயர் ஐயத்திற்குரிய நோயாளிக்குக் கண்காணிப்பு இரவுகளுக்கெனத் தனித்தொகை அனுமதிப்பதும், எட்டு கேள்விகளின் மதிப்பெண்ணை முன்னனுமதி விண்ணப்பத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்ப்பதும் ஆராயத் தக்கவை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்கம் தருமுன் ஆக்சிமீட்டர் பொருத்தப்பட்டு இயங்குகிறதா என்று கேட்கிறது. அவ்வக்கறை அறுவைக் கூடத்தின் வாசலோடு நின்றுவிடாமல் வார்டின் மூன்றாம் இரவு வரை தொடர வேண்டும். மூச்சை எண்ணுதல், விழிப்பு நிலையை மதிப்பிடுதல் ஆகியவை செவிலியர் பயிற்சியில் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு இணையான இடம் பெற வேண்டும். வீடு திரும்பும் நோயாளிக்குத் தரப்படும் சீட்டில், மது, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்கவும், மல்லாந்து படுக்காதிருக்கவும் அவரவர் தாய்மொழியில் அறிவுரை அச்சிடப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ இறக்குமதி இயந்திரமோ தேவையில்லை. கேட்கப்படாத கேள்விகளும் எண்ணப்படாத மூச்சுகளுமே இங்கு உயிரிழப்புக்குக் காரணமாகின்றன. அறுவை மேசையை ஏழை எளியோருக்கும் எட்டச் செய்த நாடு, அம்மேசையிலிருந்து இறங்கியவர் அடுத்து வரும் இரவுகளையும் நலமாகக் கடப்பதற்குப் பொறுப்பேற்பதே அம்முயற்சியின் நிறைவாகும்.